முப்பத்தொரு தடவை

வார்டில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அது எனக்குத் தெரியாது என்று வைத்தவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வைத்தது, யார் முதலில் சிரித்தது என்பது வரை எனக்குத் தெரியும். இப்படித் தெரிந்துவைத்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

நோயாளிக்கு ஊசி போடுவது என் வேலையில்லை. ஊசி போடப் போகிறவர்கள் கையைக் கழுவினார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். பிறகு ஆறு வருஷமாகத் தொற்றுத் தடுப்பு நர்ஸ். வீட்டுக்கு வந்தாலும் இந்தக் குணம் என்னை விடாது. என் வீட்டுக்காரர் கரண்டியை எடுக்கும் முன் அவர் விரல்களைப் பார்ப்பேன். கல்யாணமான நாளிலிருந்து தன்னை ஒரு கிருமியாகத்தான் நான் நடத்துகிறேன் என்று அவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதில் பாதி உண்மை என்பதால் நான் மறுப்பதில்லை.

எங்களுடையது பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைப் படுக்கவைக்கும் வார்டு. எட்டுப் படுக்கைகள். நான்காவது படுக்கைக்கும் ஐந்தாவது படுக்கைக்கும் நடுவில், சுவரை ஒட்டி, கை கழுவும் தொட்டி. அதன் பக்கத்திலேயே ஊசி மருந்து கலக்கும் எவர்சில்வர் பலகை. தொட்டிக்கு மேலே என் கையெழுத்தில் ஓர் அட்டை, தண்ணீர் படாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது: ‘மீதமுள்ள மருந்தை இன்னொரு நர்ஸ் பார்க்க இங்கேயே ஊற்றவும். இருவரும் கையெழுத்திடவும்.’

அந்த அட்டைக்கு ஒரு கதை உண்டு. ஆன்டிபயாடிக் என்கிற கிருமிக்கொல்லி மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஒரு நோயாளிக்கு முழுக் குப்பியும் தேவைப்படாது. மிச்சத்தைக் குப்பியோடு மருந்துக் கழிவுப் பெட்டியில் போட வேண்டும். அதை எரிப்பதற்கு எடுத்துப்போவார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தப் பெட்டியில் இருக்க வேண்டிய இரண்டு குப்பிகளைக் காணவில்லை. யாரோ மிச்ச மருந்தை எடுத்து அடுத்த நோயாளிக்குப் போடுகிறார்கள், இல்லையென்றால் வெளியே கொண்டுபோகிறார்கள் என்று எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தோண்டித் துருவிப் பார்த்தேன். யாரும் அகப்படவில்லை. அகப்படாததால் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். பெட்டியில் போட்டால்தானே எடுப்பீர்கள், என் கண் முன்னால் ஊற்றுங்கள் என்று அட்டையை ஒட்டினேன். பெரிய டாக்டர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வம்பு ஆரம்பித்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. ஆய்வகக்காரர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தானே நேரில் வந்தார். அவர் நேரில் வந்தால் நல்ல செய்தி இருக்காது. இரண்டாவது படுக்கையில் இருந்த தபால்காரரின் இரத்தத்தில் வளர்ந்த கிருமி அது. தாளில் வரிசையாகப் பதினாறு மருந்துகள். பதினைந்துக்கு நேராக ‘எதிர்ப்பு உண்டு’ என்று இருந்தது. கடைசி மருந்து ஒன்றுக்குத்தான் கிருமி கட்டுப்படும். ஆனால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற மருந்து. தபால்காரர் பதினோராம் நாள் இறந்துபோனார். அடுத்து ஆறாவது படுக்கை, அதற்கடுத்து நான்காவது படுக்கை. மூன்று பேருக்கும் ஒரே கிருமி.

கிருமிக்குக் கால் கிடையாது. யாரோ ஒருவருடைய கை அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நோட்டைத் திறந்தேன்.

நான் நிற்பது தெரிந்தால் எல்லோரும் உத்தமர்களாகிவிடுவார்கள். அதனால் துணி அலமாரிக்குப் பின்னால் நின்று, போர்வை எண்ணுவதுபோல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று வாரம். பெரிய டாக்டர் நன்றாகக் கழுவுவார், கழுவிய கையோடு செல்போனை எடுப்பார். சின்ன டாக்டர் மோதிரத்தைக் கழற்றமாட்டார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவர் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துவிட்டு அப்படியே அடுத்தவரின் காலைப் பிடிக்கப் போனார். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்ததில் மனிதர் அலறிவிட்டார். எல்லோருக்கும் நோட்டில் கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு என்று விழுந்தது. ஒருத்திக்கு மட்டும் ஒரு சரி கூட விழவில்லை.

அவள் துப்புரவு வேலைக்கு ஒப்பந்தக் கம்பெனி அனுப்பியவள். வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வார்டில் அவளுக்கு மெதுவம்மா என்று பெயர். மற்றவர்கள் இருபது நிமிஷத்தில் முடிக்கும் படுக்கையை அவள் ஒரு மணி நேரம் துடைப்பாள். கம்பியின் அடிப்பக்கம், சக்கரம், சுவிட்சு ஒன்றையும் விடமாட்டாள். ஒருவர் இத்தனை மெதுவாக வேலை செய்தால் அந்த நேரத்தில் வேறு என்னவோ பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அவள் வந்த புதிதில் ஒருநாள், அந்தத் தொட்டியில் தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது என்று என்னிடம் சொன்னாள். குழாயைக் கொஞ்சமாகத் திற என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வேலைக்கு வந்ததும் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஒரு படுக்கையை முடிப்பாள். கையுறையைக் கழற்றிப் போடுவாள். தொட்டிப் பக்கம் திரும்பாமல், கடிக்கிற நாயைக் கண்டவள் மாதிரி அதைச் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போவாள். இரண்டு மூன்று நிமிஷத்தில் திரும்பி வந்து புதுக் கையுறை மாட்டிக்கொண்டு அடுத்த படுக்கை. மூன்று வாரத்தில் முப்பத்தொரு தடவை எண்ணினேன். முப்பத்தொரு தடவையும் தொட்டியில் கை வைக்கவில்லை. எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்பது என் கணக்கு. இரண்டு தடவை பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். நான் கதவைத் திறக்கும்போது அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அறிக்கை எழுதினேன். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். மறுநாளே கம்பெனி அவளை நிறுத்திவிட்டு வேறு ஆளை அனுப்பியது. அவள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

“நான் என்ன தப்பு பண்ணேன் சிஸ்டர்?”

“உங்க கம்பெனியில கேளுங்க” என்றேன்.

அவள் போய்விட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை. பிடித்துவிட்டோம் என்ற திருப்தி எனக்கு. வார்டு முழுவதையும் கழுவித் துடைத்தோம். ஆறாவது, நான்காவது படுக்கைக்காரர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

அவள் போய் மூன்றாம் நாள் ஐந்தாவது படுக்கைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். குடலில் அறுவைச் சிகிச்சை. மயக்கம் தெளியும்போது, “படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க” என்று எங்களை அதட்டினார். நர்ஸ்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நான் உட்பட. அவர் மனைவி பார்வை நேரம் முடிந்த பிறகும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அவர் இந்தப் பக்கம் திரும்பும்வரை போகமாட்டார். எட்டாம் நாள் அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் ஆய்வகக்காரர் நேரில் வந்தார். அதே தாள், அதே பதினைந்து வரி.

அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மெதுவம்மா யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்து போகிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் பழிவாங்குகிறாளோ என்று கூட நினைத்தேன். நேரே வாசலில் இருக்கும் காவலாளியிடம் போனேன். மற்றவர்கள் செருப்பைக் கூட எண்ணி உள்ளே விடுகிற ஆள் அவர். அந்தம்மா இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டேன்.

வரவே இல்லை என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, தரையைப் பார்த்துக்கொண்டு, தன்மேல்தான் புகார் வந்திருக்கிறதா என்று கேட்டார். என்ன புகார் என்றேன்.

“அந்தம்மாவ டாக்டருங்க பேசின்ல கை கழுவ விட்டது நான்தான் சிஸ்டர். போர்டு போட்டிருக்குன்னு தெரியும். உள்ள இருக்கிற தொட்டி மூஞ்சியில தெறிக்குது, நாத்தம் வேற அடிக்குதுன்னு சொன்னாங்க. ஒவ்வொரு படுக்கைக்கும் வந்து முழங்கை வரைக்கும் கழுவிட்டுப் போவாங்க. டாக்டருங்க யாராவது பாத்துடுவாங்களோன்னு பயந்து பயந்து, ஈரக் கையை மறைச்சுக்கிட்டுதான் வருவாங்க.”

தாழ்வாரத்தின் திருப்பத்தில் இருந்தது அந்தத் தொட்டி. மேலே ‘மருத்துவர்களுக்கு மட்டும்’ என்று பலகை. என் அலமாரிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அது தெரியாது. நான் நின்ற இடத்தில் நின்றவர்களுக்கு அவள் கை கழுவாதவள். அந்தத் திருப்பம் வரை நடந்து வந்திருந்தால் அந்த வார்டிலேயே ஒழுங்காகக் கை கழுவிய ஒரே ஆள்.

மத்தியானம் டிரைவரின் படுக்கையைத் தள்ளி வைத்துத் திரை போட்டுவிட்டு, தொட்டியைச் சுற்றி வெள்ளைத்தாள் விரித்தேன். மருந்து கலக்கும் பலகைமேல், சுவரில், அவர் படுக்கை நிற்கும் இடத்தில், அவருடைய சின்ன மேஜையில். புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தைத் தொட்டியின் ஓட்டைக்குள் ஊற்றி, குழாயை முழுசாகத் திறந்தேன். குழாயிலிருந்து தண்ணீர் நேராக அந்த ஓட்டைக்குள்தான் விழுந்தது. வழக்கம்போல் கையைக் கழுவினேன்.

பலகைமேல் பத்தொன்பது ஊதாப் புள்ளிகள். சுவரில் எண்ண முடியவில்லை. டிரைவரின் மேஜைத்தாளில் தண்ணீர்க் குவளை வைக்கும் மூலையில் இரண்டு. என் வெள்ளை உடுப்பின் நெஞ்சில் மூன்று. நான் விரட்டி விரட்டி எல்லோரையும் கை கழுவ வைத்த ஒவ்வொரு தடவையும் இது நடந்திருக்கிறது.

ஓட்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆய்வகக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தட்டில் வளர்ந்திருந்ததைக் காட்டினார். நான்கு நோயாளிகளிடம் கிடைத்த அதே கிருமி.

“ஒரு விஷயம் புரியல சிஸ்டர். சாதாரண சாக்கடைக் கிருமி இவ்வளவு மருந்தைத் தாங்காது. யாரோ கொஞ்சம் கொஞ்சமா மருந்து கொடுத்துப் பழக்கின மாதிரி இருக்கு. பலவீனமானது எல்லாம் செத்து, தாக்குப்பிடிச்சது மட்டும் பெருகியிருக்கு. அந்தத் தொட்டியில மருந்து ஏதாவது ஊத்துவீங்களா?”

“ஊத்துவோம்” என்றேன். எட்டு மாதம். ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து குப்பிகளின் மிச்சம். இரண்டு பேர் கையெழுத்தோடு, ஒருநாள் கூடத் தவறாமல், நான் சொன்னபடி. அந்த ஓட்டைக்குள் ஒரு கிருமிக் கூட்டத்தை உட்காரவைத்து ஊட்டி வளர்த்திருக்கிறேன். தபால்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் எனக்கு வந்த கடிதத்தைக் கூட ஒருமுறை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

அன்றே அட்டையைப் பிய்த்தேன். தொட்டியை மூடி, மருந்துப் பலகையை வேறு சுவருக்கு மாற்றினோம். படுக்கைக்குப் படுக்கை கையில் தேய்க்கும் திரவம் வைத்தோம். மிச்ச மருந்து பழையபடி எரிக்கும் பெட்டிக்குப் போனது. இதெல்லாம் அரை நாள் வேலை. அறிக்கை எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. பெரிய டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“குழாய் பழசுன்னு எழுதுங்க. அது பொய்யும் இல்ல. எதுக்கு உங்க தலையில நீங்களே கல்லைத் தூக்கிப் போட்டுக்கிறீங்க? நிறுத்தின அந்தத் துப்புரவுப் பொண்ணை வேற வார்டுல போட்டுடலாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டில் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் சிரிக்காமல் சொன்னார். “இத்தனை வருஷத்துல நீ உன்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டுட்ட.” எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் என் பெயர் போட்டே எழுதிக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“குழாய்னு எழுதினா இன்னொரு வார்டுல இன்னொருத்தி இதே அட்டையை ஒட்டுவா சார்” என்றேன். “அதோட, அவங்க மேல நான் எழுதின புகார் அப்படியே நிக்கும்.”

அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய பாராட்டும் அந்தக் கோப்பில்தான் இருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. வர வேண்டியதுதான்.

டிரைவருக்கு அந்தக் கடைசி மருந்துதான் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் அந்த மருந்தில் கெட்ட சிறுநீரகம் தேறவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், இனி பஸ் ஓட்ட முடியாது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று யாரோ சொல்ல, அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்டுபிடித்தது நான்தான், ஊற்றச் சொன்னதும் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

மெதுவம்மாவின் வீட்டு விலாசம் காவலாளியிடம்தான் கிடைத்தது. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரே அறை. மருந்துக்கடைக்குக் காகித உறை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் புகார் இருந்ததால் கம்பெனி வேறெங்கும் அனுப்பவில்லையாம். அறையின் இன்னொரு மூலையில் அவளுடைய நாத்தனார், மடியில் ஒரு வயதுக் குழந்தை. குழந்தை மெதுவம்மாவைப் பார்த்துத் தாவியது. நாத்தனார் அதை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“அண்ணிகிட்ட போகாதேன்னு சொன்னா கேக்குதா பாருங்க” என்றாள் என்னிடம், நான் யாரென்று தெரியாமல். “ஆஸ்பத்திரியிலயே கை சுத்தம் இல்லன்னு அனுப்பிட்டாங்க. குழந்தை இருக்கிற வீடு, நாமதானே ஜாக்கிரதையா இருக்கணும்.”

மெதுவம்மா தலையைத் தூக்காமல் உறையின் ஓரத்தை மடித்தாள். அவள் கையை மறைத்ததற்கு நான் வைத்திருந்த அர்த்தம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நான் எழுதிய நாலு வரி ஆஸ்பத்திரியோடு நிற்காமல் மூன்று மாடி ஏறி இங்கே வந்து, அவள் மடியிலிருந்து குழந்தையை எடுத்துவிட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டேன்.

நாத்தனார் பக்கம் திரும்பித்தான் முதலில் பேசினேன். புகார் எழுதியவள் நான்தான், அது முழுக்கத் தப்பு, அந்த வார்டில் சுத்தமான கை என்று ஒன்று இருந்தால் அது உங்கள் அண்ணியுடையதுதான் என்றேன். புகாரை ரத்து செய்து அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிடும், ஆஸ்பத்திரி முத்திரை போட்ட கடிதத்தை மெதுவம்மாவிடம் கொடுத்தேன். முப்பத்தொரு தடவை எண்ணியதையும், அட்டையையும், தொட்டியையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பசை காய்ந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படித்தாள். மடித்து நாத்தனார் கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“முப்பத்தொரு தடவ பாத்தீங்களா சிஸ்டர்?”

“ஆமாம்மா.”

“ஒரு தடவ கேட்டிருக்கலாமே.”

நாத்தனார் கடிதத்தைப் படித்து முடித்தாள். குழந்தையைப் பிடியிலிருந்து விட்டாள். அது தவழ்ந்து போய்க் காகித உறைகளின்மேல் ஏறியது. மெதுவம்மா அதை உடனே தூக்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்துதான் தூக்கினாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். அதற்கு முன்பே காவலாளியும் நானுமாகத் தாழ்வாரத்துப் பலகையைக் கழற்றிவிட்டிருந்தோம். முதல் படுக்கையை ஒரு மணி நேரம் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். நான் அந்தத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் தன் முறைக்காகப் பின்னால் நின்றாள். என் முதுகில் அவள் பார்வை இருப்பது தெரிந்தது. ஆறு வருஷமாக நான் மற்றவர்கள் முதுகில் வைத்த பார்வை. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம் என்று பயந்து பயந்து தேய்த்தேன். குழாயை மூடக் கை நீட்டினேன்.

“கட்டை விரலை விட்டுட்டீங்க சிஸ்டர்” என்றாள்.

உண்மைதான், விட்டுவிட்டேன். மறுபடி சோப்பை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.